சொல்லி அடிக்கிறவன்

வாங்க சார், வாங்க. கேட்டுல கையை வெச்சுக்கிட்டு ஏன் யோசிக்கிறீங்க, தாராளமா உள்ள வாங்க. நாயெல்லாம் கிடையாது, போர்டு மட்டும்தான் மாட்டியிருக்கேன். இப்படி உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், இதுல உக்காருங்க. அதுல உக்காந்தா பக்கத்து வீட்டு மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே பேசணும்.

ஹேமா! ஒருத்தர் வந்திருக்காரு, ரெண்டு காபி போடும்மா!

என் பொண்ணு சார், ஹேமாவதி. ஸ்கூல்ல கணக்கு டீச்சர். வீட்டுக்காரி ஓசூர்ல அவ தம்பி வீட்டுக்குப் போயிருக்கா. போயி ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த ஊரு கிளைமேட்டு அவளுக்கு ஒத்துக்குதாம்.

பொண்ணைப் பத்தி விசாரிக்கத்தானே வந்திருக்கீங்க? பார்த்தவுடனே தெரிஞ்சுது. பையனுக்கு நீங்க என்ன வேணும்? தாய்மாமனா! ஆற்காட்டுலேர்ந்தா? நல்லது. பக்கத்து வீட்டுலேர்ந்துதானே வர்றீங்க? அதையும் பார்த்தேன். ஆட்டோவை விட்டு இறங்கினதுலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நேரா அவன் வீட்டுக்குள்ள போனீங்க, ஜன்னல் பக்கம் உக்காந்தீங்க, ரொம்ப நேரம் சிரிச்சு சிரிச்சுப் பேசினீங்க. இப்போ அக்கம்பக்கத்துலயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு இங்க வந்துட்டீங்க. அதுதான் சார் முறை. பொண்ணு எடுக்கிறதுன்னா நாலு வாசல் ஏறி இறங்கணும்.

இருங்க, இருங்க. நீங்க கேக்கவே வேணாம், நானே சொல்றேன். அவன் பொண்ணு வினோதினி இருக்கே, அது தங்கம். சொக்கத் தங்கம். இந்த வீட்டுல ஓடி ஆடி வளர்ந்த குழந்தை அது. என் பொண்ணுக்கும் அதுக்கும் ஒரே தட்டு, ஒரே பாய். அது ஒரு காலம். இப்போ இல்ல. ஆனா அந்தப் பொண்ணைப் பத்தி என் வாயிலேர்ந்து ஒரு சொல்லு தப்பா வராது. ஏன்னு கேளுங்க. அவ அப்பன் தாமோதரனுக்கும் எனக்கும் யுத்தம் நடக்குது. யுத்தத்துல பொண்ணு புள்ளைங்களைத் தொடக் கூடாது. அது என் ரூல்ஸு.

நான் சொல்லி முடிச்சுடறேன் சார், அப்புறம் நீங்க பேசுங்க.

நான் ஹவில்தார் ஏகாம்பரம், ரிட்டயர்டு. வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துல இருப்பான்னு சொல்லுவாங்கல்ல, அதுல ஒருத்தன். குண்டு பாயற இடத்துல நின்னவன். அவன் கூட்டுறவு சொசைட்டியில சர்க்கரை நிறுத்துக் கொடுத்துட்டு ரிட்டயர் ஆனவன். எடைக்கல்லைத் தவிர கனமானதை அவன் கையால தூக்கினதே இல்ல. அவன் எனக்கு யுத்தத்தைப் பத்திப் பாடம் எடுத்தான் சார். தெரு முழுக்க உக்காந்திருக்கும்போது எடுத்தான்.

ஒரு ஜனவரி இருபத்தாறு. நம்ம நகர் பார்க்குல கொடி ஏத்திட்டு, ஹவில்தார் சார் நாலு வார்த்தை பேசட்டும்னாங்க. நான் பார்டர்ல இருந்த எங்க போஸ்ட்டைப் பத்திச் சொன்னேன். மலை உச்சியில நாங்க, எதிர் உச்சியில அவங்க. பண்டிகை வந்தா இங்கேர்ந்து ஸ்வீட்டு போகும், அங்கேர்ந்து வரும். அப்போ ஒரு நாள் சண்டை மூண்டுச்சு. எங்க செக்‌ஷன்ல நாகப்பன்னு ஒரு பையன், திருப்பத்தூர்க்காரன், என் பக்கத்துக் கட்டில். அவன் சரிவுல அந்தப் பக்கம் விழுந்துட்டான். மறுநாள் வெள்ளைத் துணி காட்டி, அவங்களே அவனைத் தூக்கிட்டு வந்து கொடுத்தாங்க. முகத்தைத் துடைச்சிருந்தாங்க. சட்டைப் பட்டன் எல்லாத்தையும் ஒழுங்காப் போட்டிருந்தாங்க. அவங்க சுபேதார் எங்களுக்கு முன்னாடி நின்னு அந்த உடம்புக்கு ஒரு சல்யூட் அடிச்சான் பாருங்க. அதுதான் நாகரிகம், யுத்தத்துலகூட மனுஷன் மனுஷனா இருக்கலாம்னு நான் அன்னிக்குப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னேன். கூட்டத்துல பொம்பளைங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அப்போ பின்னாடி வரிசையிலேர்ந்து இவன் கேக்கறான். "ஒரு சந்தேகம் சார். அந்தப் பையனைச் சுட்டது யாரு?"

"அவங்கதான்"னேன்.

"அப்போ அவங்களே சுட்டுட்டு அவங்களே பட்டன் போட்டாங்களா?"

யாரோ சிரிச்சுட்டாங்க சார். ஒருத்தர் சிரிச்சா கூட்டமே சிரிக்கும், தெரியுமில்ல. மிட்டாய்க்கு நின்ன பசங்க வரைக்கும் சிரிச்சாங்க.

நான் உங்ககிட்ட மறைக்கல. அந்த சல்யூட்டை நினைச்சுத்தான் நான் இத்தனை வருஷம் கண்ணை மூடித் தூங்கினேன். நாகப்பனோட அம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னேன், அந்தம்மாவும் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து நடந்துச்சு. சர்க்கரை நிறுத்த ஒருத்தன் அதை ஒரே வார்த்தையில கேலியாக்கிட்டான். அன்னிக்கு ராத்திரி நாகப்பன் வந்தான் சார், பட்டன் போடாத சட்டையோட. அன்னிக்கு எரிஞ்சது இன்னிக்கு வரைக்கும் எரியுது, அணையல.

அப்பவே முடிவு பண்ணேன். யுத்தத்துல நாகரிகம் இல்லைங்கறியா நீ? உன்மேலேயே யுத்தம் பண்றேன். நாகரிகமாப் பண்றேன். நீயே ஒத்துக்கிட்டு வந்து நிக்கணும்.

வாயைத் திறந்தீங்க, மூடிக்கிட்டீங்க. நல்லது சார். கேக்கத் தெரிஞ்ச மனுஷன் கிடைக்கிறதே கஷ்டம்.

மறுநாள் காலையில காம்பவுண்டு சுவர்கிட்ட நின்னு முறைப்படி சொன்னேன். "மிஸ்டர் தாமோதரன், இன்னிலேர்ந்து உமக்கும் எனக்கும் யுத்தம். சொல்லாம அடிக்க மாட்டேன். குடிதண்ணியில கை வைக்க மாட்டேன். பொம்பளைங்க, புள்ளைங்க பக்கம் வர மாட்டேன். பொங்கல், தீபாவளிக்குச் சண்டை கிடையாது." அவன் பல்லு விளக்கிக்கிட்டே கேட்டான், "பேப்பர் வந்துடுச்சா சார்?" எவ்வளவு திமிர் பாருங்க.

முதல்ல முருங்கை மரம். அவன் மரத்துக் கிளை என் எல்லைக்குள்ள வந்துச்சு. சும்மா வெட்டல. நோட்டீஸ் கொடுத்தேன், காய் பறிச்சுக்கோன்னு டைம் கொடுத்தேன், அப்புறம்தான் வெட்டினேன். வெட்டின கிளையையும் அவன் வாசல்ல அடுக்கிக் கொடுத்தேன். காட்டுமிராண்டி இப்படிச் செய்வானா?

அடுத்து என் வாசலை மேடாக்கினேன். மழைத்தண்ணி முழுக்க அவன் வாசலுக்குப் போச்சு. மழை வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன், வண்டியை நகர்த்திக்கோன்னு. அப்புறம் காலங்காத்தால ஸ்பீக்கர்ல பட்டாளத்து ஊதல் போட ஆரம்பிச்சேன். வினோதினிக்குப் பரீட்சை வந்தப்போ மட்டும் நிறுத்தி வெச்சேன். நானேதான் நிறுத்தினேன், யாரும் கேக்கல.

பெரிய அடின்னா அது படிக்கட்டுதான். அவன் வீட்டு மாடிக்குப் போற படிக்கட்டு வெளியில, ரோட்டை ஒட்டி இருந்துச்சு. அளந்து பார்த்தா ரெண்டு படி ரோட்டுல இருக்கு. நகராட்சிக்கு எழுதினேன். விடாம எழுதினேன். எழுதினதையெல்லாம் அவனுக்கும் ஒரு காப்பி அனுப்பினேன், ஒளிவு மறைவு கூடாது பாருங்க. கடைசியில இடிக்கிற வண்டி வந்துச்சு. ரெண்டு படிய மட்டும் எடுக்க முடியாதுன்னு மொத்தத்தையும் இடிச்சுட்டாங்க. அது விழும்போது நான் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, மெடலெல்லாம் குத்திக்கிட்டு, இதோ இந்த இடத்துல நின்னு சல்யூட் அடிச்சேன். தோத்தவனை மதிக்கத் தெரியணும் சார்.

மாடியில அவன் அம்மா இருந்தாங்க. கீழ் வீட்டுல புழுக்கம்னு மேலேயே இருந்த அம்மா. அப்புறம் உள்ளுக்குள்ள இரும்புல ஒரு சுருள் படி வெச்சான், அதுல அந்தம்மாவால இறங்க முடியல. சாயங்காலமானா மாடி ஜன்னல்ல வந்து நிப்பாங்க. எனக்குக் கையை ஆட்டுவாங்க. கண்ணு சரியாத் தெரியாது, யாருன்னு நினைச்சு ஆட்டினாங்களோ. கடைசி வரைக்கும் கீழே இறங்கவே இல்ல. இறந்தப்போதான் இறக்கினாங்க. அதுவும் கயிறு கட்டித்தான். நான் உடனே யுத்தத்தை நிறுத்தினேன். பெரிய மாலையா வாங்கிட்டுப் போனேன். தெருவுல எவனும் அவ்வளவு பெரிய மாலை போடல. உடம்புக்கு முன்னாடி நின்னு விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சேன். தாமோதரன் என்னைப் பார்த்தான் சார். ரொம்ப நேரம் பார்த்தான். சரி, இப்பவாவது புரிஞ்சிருக்கும், நாகரிகம்னா இதுதான்னு ஒத்துக்குவான்னு நின்னேன். திரும்பி உள்ள போயிட்டான். நன்றி கெட்டவன்.

என்ன சார் நெற்றியைத் தேய்க்கிறீங்க, வெயிலா? ஃபேனைத் திருப்பட்டா?

இதுல எனக்கு வயிறு எரியறது எதுன்னா, அவன் ஒரு தடவைகூடத் திருப்பி அடிக்கல. ஒரு மனு கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எதிரே பார்த்தா "நல்லா இருக்கீங்களா"ம்பான். இது என்ன யுத்தம், சொல்லுங்க? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? அப்புறம்தான் கண்டுபிடிச்சேன், அவன் வேற இடத்துல அடிக்கிறான். என் பொண்ணு கல்யாணத்துல அடிக்கிறான்.

ஆமா சார். ஹேமாவுக்கு வராத வரனா? வர்றாங்க, பொண்ணைப் பார்க்கறாங்க, மூஞ்சி மலர்ந்து போகுது. நாளைக்குச் சம்பந்தியாகப் போறவங்க, விஷயம் தெரிஞ்சிருக்கட்டும்னு நானே எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லிடுவேன். முருங்கை மரத்துலேர்ந்து படிக்கட்டு வரைக்கும் ஒண்ணு விடாமச் சொல்லுவேன். மரியாதையாக் கேட்டுக்கிட்டு, போய்த் தகவல் சொல்றோம்னு கிளம்புவாங்க. அவ்வளவுதான், அப்புறம் பேச்சு மூச்சு இருக்காது. இங்க நல்லாப் பேசிட்டுப் போனவங்களுக்கு பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள மனசு எப்படி சார் மாறும்? நடுவுல இருக்கிறது யார் வீடு? அவன் வீடு. அவன்தான் கலைச்சு விடறான். வேற யாரு இருக்கா கலைக்க?

பொண்ணு அழுது சார். ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுது. வெளியில வந்து "தலைவலிப்பா"ங்குது. எனக்குத் தெரியாதா? இந்தக் குழந்தையை ஒரு நல்ல இடத்துல கொடுத்துட்டா போதும், நான் நாளைக்கே கண்ணை மூடிடுவேன். எனக்கு வேற ஆசையே கிடையாது. அந்த ஒரே ஆசையில மண்ணள்ளிப் போட்டுட்டானே பாவி. பொண்ணு புள்ளைங்களைத் தொடக் கூடாதுன்னு நான் ரூல்ஸ் வெச்சேன். அவன் என் பொண்ணைத் தொட்டுட்டான்.

அன்னிலேர்ந்து நான் காத்துக்கிட்டிருக்கேன். யானைக்கு ஒரு காலம்னா பூனைக்கு ஒரு காலம் வரும்ல. அவன் வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கு. அதுக்கும் ஒரு நாள் விசாரிக்க ஆளு வரும். வந்தா நம்ம வாசல் ஏறாம போக முடியாது. இப்போ நீங்க அந்த வீட்டுலேர்ந்து இறங்கி இந்தக் கேட்டைப் பார்த்து நடந்து வந்தீங்க பாருங்க, பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆச்சு. ஒரு வார்த்தை போதும், உங்களை அப்படியே ஆற்காட்டுக்குத் திருப்பி அனுப்பிடலாம்.

ஆனா செய்ய மாட்டேன். பொண்ணைப் பத்திப் பேச மாட்டேன். ரூல்ஸுன்னா ரூல்ஸு.

அப்பனைப் பத்திப் பேசலாம் இல்லையா? அப்பன் பொண்ணு கிடையாதே. தாயைப் பார்த்துப் பொண்ணை எடும்பாங்க. அது பத்தாது சார், அப்பனையும் பார்க்கணும். நாளைக்கு உங்க மருமகப் பையன் மாமனார்னு போய் நிக்க வேண்டிய ஆளு யாரு? பழிவாங்கற குணம் உள்ளவன். மனசுல வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா அறுக்கறவன். ஒரு குடும்பத்தோட நிம்மதியைக் கெடுத்துட்டு, ஒண்ணுமே செய்யாத மாதிரி வாசல்ல நின்னு சிரிக்கிறவன். அந்தப் பொண்ணு எவ்வளவு தங்கமா இருந்தாலும், இப்படிப்பட்ட அப்பன் இருக்கிற வீட்டுல போய்ச் சம்பந்தம் பண்ணுவீங்களா? நீங்களே சொல்லுங்க. மாட்டீங்கல்ல?

பாருங்க, தலையாட்டறீங்க. விஷயம் தெரிஞ்ச மனுஷர் நீங்க. நான் ஒண்ணும் சொல்லல, நீங்களாவே முடிவுக்கு வந்துட்டீங்க. இதுதான் சார், சொல்லி அடிக்கிறது. இன்னிக்குத்தான் எனக்கு நெஞ்சு குளிர்ந்துச்சு. அவன் பொண்ணும் கதவைச் சாத்திக்கிட்டு அழட்டும், அவனும் வெளியில நின்னு கேக்கட்டும்.

என்ன சார், எழுந்துட்டீங்க? காபி வருது, குடிச்சுட்டுப் போங்க. ஹேமா, காபி என்னாச்சு?

என்ன சொன்னீங்க?

யாரைப் பார்க்க வந்தீங்க?

எங்க ஹேமாவதியையா? அவன் வீட்டுக்கு விசாரிக்கத்தான் போனீங்களா? தரகர் கொடுத்தது இந்த வீட்டு அட்ரஸா? அட, அதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நானா விடல? நான் எங்க சார் விடாம இருந்தேன்?

சரி, போகட்டும். உக்காருங்க. முதல்லேர்ந்து பேசுவோம். அவன் என்ன சொன்னான்? அதைச் சொல்லுங்க, மறைக்காதீங்க. என்னென்ன கலைச்சான்?

நல்ல பொண்ணுன்னானா? தன் பொண்ணு மாதிரின்னானா? அப்புறம்? அப்பா பட்டாளத்துக்காரர், கொஞ்சம் சத்தமாப் பேசுவாரு, ஆனா நேர்மையான மனுஷர்னு சொன்னானா? பக்கத்து வீட்டுல எந்தத் தகராறும் இல்லையான்னு நீங்களே கேட்டீங்களா? அதுக்கு? ஒண்ணுமே இல்லைன்னுட்டானா? படிக்கட்டைப் பத்தி? பழசாயிடுச்சு, இடிச்சுட்டோம்னு சொன்னானா?

பொய் சொல்றான் சார்! அவன் ஏன் அப்படிச் சொல்லணும்? யாரு அவனை நல்லது சொல்லச் சொன்னது? நான் கேட்டேனா? இது என்ன யுத்தம், இப்படி ஒரு அடியா? எதிரியைப் பத்தி நல்லது சொல்லி நடுத்தெருவுல நிக்க வெச்சுட்டானே சார்! இதுக்கு நான் பதில் கொடுக்காம விட மாட்டேன். எழுதி வெச்சுக்குங்க, விட மாட்டேன்.

நில்லுங்க சார், கோவிச்சுக்காதீங்க. நான் ஏதோ வேகத்துல கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன். அந்தப் படிக்கட்டு நிஜமாவே பழசுதான். அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு, எப்படியும் இறங்கியிருக்க மாட்டாங்க. என்னைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, பொண்ணைப் பாருங்க. அது என்ன தப்பு பண்ணுச்சு? அப்பனை வெச்சா பொண்ணை எடை போடறது? இது எந்த ஊரு நியாயம்?

ஹேமா. நீ எவ்வளவு நேரமா நிக்கறே அங்க?

காபியைக் கொடும்மா சாருக்கு. ஏன் கீழ வெக்கறே? ஏன் கேட்டைத் திறக்கறே? அவரு இன்னும் போகல, பேசிக்கிட்டிருக்கோம்ல. ஹேமா, எங்க போறே? அந்தப் பக்கம் எங்க போறே? ஹேமா!

பார்த்தீங்களா சார்? அவன் வீட்டுக்குள்ள போயிட்டா. செருப்புகூடப் போடாமப் போயிட்டா. வினோதினி ஓடி வந்து அவளைக் கட்டிக்கிட்டுது, பார்த்தீங்கல்ல? தாமோதரன் கதவைத் திறந்து விட்டுட்டு ஒதுங்கி நிக்கறான்.

சார், எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. எங்க வீட்டுல பொண்ணு எடுக்க வேணாம், எதுவும் வேணாம். நீங்க ஆட்டோ பிடிக்க அந்த வழியாத்தானே போகணும். போகும்போது அந்த வாசல்ல நின்னு, ஹேமாவை அப்பா கூப்பிடறார்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. நான் போய்க் கூப்பிட முடியாது சார். அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன்.